வளையத்துக்கு நடுவே ஓட்டுக் கம்பெனி

என் அக்காவை ஊரில் எல்லோரும் டைம் கீப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தின் நடுவில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. அதில் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பாள். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று ட்ரிப் ஷீட்டில் எழுதுவது அவள் வேலை. நேரமாகியும் கிளம்பாமல் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் மானத்தை மைக்கில் வாங்குவதும் அதே வேலையில் சேர்த்தி. பதினோரு வருடமாக அதே நாற்காலி.

அதில் கடைசி நான்கரை வருடம் நான் ஊரிலேயே இல்லை. பழத்தோட்டங்களில் கூலிக்குப் பறித்தேன், விடுதிகளில் படுக்கை விரித்தேன், ஒரு தீவில் ஆறு மாதம் பறவைகளை வலையில் பிடித்து எடை போட்டேன். பதினாறு எல்லைகளைத் தாண்டி, ஆயிரத்து நூற்று நாற்பது இனப் பறவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அக்கா பார்த்தது நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் பேருந்து நிலையத்துக் கூரை இடுக்கிலிருந்தும். அதுவும் நான் விட்டுப்போன பழைய பைனாகுலரில், ஒரு பக்கம் பூஞ்சை பிடித்தது.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பறவை பார்க்கிறவர்கள் கூடும் இடத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் ஒரு கண் டாக்டர். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உடனே மலர்ந்தார்.

"டைம் கீப்பரோட தங்கச்சிதானே? மூக்கு அப்படியே இருக்கே!"

நான் போன ஊர்களைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. "அக்கா வரலையா? இந்த வருஷம் வாலாட்டி எப்ப வந்துச்சாம்?" என்று அவளைப் பற்றியே கேட்டார்கள்.

அக்கா குறிப்பெடுப்பது பழைய ட்ரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில். வண்டிக்கு உள்ள அதே கட்டங்களை அப்படியே கோடு போட்டு வைத்திருப்பாள். பெயர், வந்த நேரம், தாமதம், காரணம். காரணக் கட்டத்தில் "வடக்கே மழை" என்றிருக்கும். சில இடங்களில் "தெரியாது, சொல்ல மாட்டேங்குது" என்றிருக்கும். ஒரு நாள் அவள் வீட்டில் இல்லாதபோது, நான் ஊர் திரும்பிய தேதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த நாளுக்கு எதிரே ஒரே வரி: "சாம்பல் வாலாட்டி. காலை 7.05. இரண்டு நாள் முந்தி." என்னைப் பற்றி ஓரெழுத்து இல்லை. ஒரு வாலாட்டிக் குருவியைப் பார்த்து வயிறெரிந்த பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு நிஜமாகவே பொறுக்காமல் போனது ராடார் விஷயத்தில்.

எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில், ஒரு குன்றின் மேல் வானிலை ராடார் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர் தினமும் ஐந்து நாற்பது வண்டியில் போவார். அக்காவுக்குக் காலை டூட்டி இருந்த காலத்தில், வண்டி கிளம்பும் வரை கண்ணாடிக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பாராம்.

"மழையே இல்லாத நாள்ல உங்க மெஷின் என்ன சார் பண்ணும்?"

"சும்மா சுத்தும் மேடம். குப்பைதான் தெரியும்."

"என்ன குப்பை?"

"பூச்சி, வௌவால், குருவி. மழை இல்லாத எல்லாமே எங்களுக்குக் குப்பை. கழிச்சிட்டுத்தான் மேல அனுப்புவோம்."

"கழிச்சத எனக்கு அனுப்புங்க சார்."

அவர் மேலதிகாரியிடம் கேட்டாராம். "குப்பைய வாங்கக்கூட ஆள் இருக்கா? கொடுத்துத் தொலைங்க" என்று உத்தரவு வந்ததாம். அன்றிலிருந்து தினமும் அவர் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் விடிகாலைப் படங்கள் அக்காவின் போனுக்கு வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒன்று. இரண்டு வருடமாக அவற்றைப் பார்த்துப் பார்த்து, வாத்துக் கூட்டம் வரும் இரவையும் உள்ளான்கள் திரும்பும் இரவையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். நான் பறவைகளை எடை போட்ட தீவில் படித்தவர்கள் செய்கிற வேலை அது. இவள் வண்டிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து செய்திருக்கிறாள்.

நான் வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும் அக்கா போனை நீட்டினாள். விடியலுக்குச் சற்று முன் எடுத்த மூன்று படங்கள். முதல் படத்தில் ஒரு புள்ளி. இரண்டாவதில் ஒரு வளையம். மூன்றாவதில் இன்னும் பெரிய வளையம். குளத்தில் கல் விழுந்தது போல.

"ஒரே எடத்துல ராத்தங்கிட்டு, விடியும்போது எல்லாத் திசையிலயும் கெளம்புது டாக்டர். தகைவிலான் குருவியா இருக்கும்னு நெனைக்கிறேன். பத்து நாளா தெரியுது. வியாழக்கிழமை எனக்கு லீவு. போய்ப் பாத்துட்டு எடத்தச் சொல்றேன்."

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தப் பக்கத்துல தகைவிலான் அடையுற எடம் இதுவரைக்கும் பதிவுல இல்ல. ஆனா படம் சாட்சி ஆகாதும்மா. யார் கண்ணால பாக்குறாங்களோ அவங்க பேருதான் ஏறும்."

ஞாயிற்றுக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில் மூன்று நாள் இருக்கிறது என்று என் மனம் அப்போதே எண்ணிவிட்டது.

திங்கட்கிழமை காலை அக்கா குளிக்கப் போனாள். அந்த வாரம் அவளுக்கு மதிய டூட்டி, அவசரமில்லாத குளியல். நான் அவள் போனை எடுத்தேன். வளையத்தின் நடுவைக் குறித்து, வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஓட்டுக் கம்பெனி. கூரை ஓடு செய்கிற இடம், பழைய கொட்டகைகள். கொட்டகையில் அடையாதா என்ன? அடையும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். டாக்டருக்குப் போன் செய்து, நாளை சாயங்காலம் எல்லோரையும் கூட்டி வரச் சொன்னேன்.

"அக்கா வியாழக்கிழமைன்னுல்ல சொன்னா?"

"இடத்த நானே கண்டுபிடிச்சிட்டேன் டாக்டர்" என்றேன். கண்டுபிடித்தேன் என்ற சொல் கூசாமல் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு ஏழு பேர் ஓட்டுக் கம்பெனி வாசலில் நின்றோம். காவல்காரர் வந்தார்.

"ஓடு வேணுமா?"

"இல்லைங்க, குருவி பாக்க வந்திருக்கோம்."

"இங்கயா? சூளைப் புகையில மனுசனே நிக்க மாட்டான். குருவிக்கு என்ன தலையெழுத்தா?"

ஆறு மணியானது. ஆறேகால் ஆனது. ஒரு காகம் வந்து பார்த்துவிட்டு, அதுவும் போய்விட்டது. டாக்டர் பைனாகுலரை இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. அக்காவுக்கு ஒரு போன் போடேன்மா."

"டூட்டில இருப்பா டாக்டர். எடுக்க மாட்டா."

அது பொய். அவள் இரண்டாவது மணியில் எடுப்பவள். கேட்டிருந்தால் எந்த நடைமேடை என்று சொல்வது போல இடத்தையும் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. "சரி, ஆயிரத்து நூத்தி நாப்பத்தோராவது இனம், ஓடு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஓட்டுக் கம்பெனியில ஏழு பைனாகுலர் நின்னுச்சாமே? கண்டக்டர் வந்து சொல்லிச் சிரிக்கிறார்."

நான் கேமராவைத் துடைக்கத் தொடங்கினேன்.

"என் போனப் பாத்தியா?"

"பாத்தேன்."

திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நானும் போன வாரம் அங்கதான்டி போய் நின்னேன்! காவல்காரர் ஓடு வேணுமான்னு கேட்டாரா?"

அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்திருக்கலாம். சேர முடியவில்லை. நான் செய்த தப்பைக்கூட அவள் எனக்கு முன்னாலேயே செய்து முடித்திருந்தாள்.

"அப்புறம் எங்க?"

"ராடார் கண்ணு தரையில இல்லடி. இவ்ளோ தூரத்துல அது ஒரு கிலோமீட்டர் ஒசரத்துலதான் பாக்குது. குருவி தரையோட கெளம்பி அவ்ளோ ஒசரம் ஏறுறதுக்குள்ள காத்து தள்ளிட்டு வந்துடும். வண்டி நம்ம ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்ச எடமா அது கெளம்புன எடம்? பின்னாடி கணக்குப் போடணும். இப்ப மேக்கத்திக் காத்து. ஓட்டுக் கம்பெனிக்கு மண்ணெடுத்த பள்ளம் ஒண்ணு இருக்கே, நாலு கிலோமீட்டர் மேக்க, தண்ணி நின்னு கோரை மண்டிக் கெடக்கும். அங்கதான்."

அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "கடல் தாண்டிப் போனவ கண்ணுக்கு உள்ளூர்ப் பள்ளம் தெரியல" என்றாள், பாத்திரத்திடம் சொல்வது போல.

அக்கா போனை எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "ராடார்காரர் அனுப்பியிருக்கார். வியாழக்கிழமை மத்தியானமே மழையாம், மூணு நாளைக்கு. மழை புடிச்சா கூட்டம் எடத்த மாத்திடும்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்கு ஒரு சாயங்காலம்தான் இருக்கு. எனக்கு டூட்டி. மாத்தி விட ஆள் இல்ல. நீ போ. டாக்டரக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாரு. உன் பேரையே எழுது. முதல் கூட்டம் எறங்குற நேரத்த மட்டும் நிமிஷம் தப்பாம குறிச்சிட்டு வா."

நான் திருட நினைத்ததை அவள் தட்டில் வைத்து நீட்டினாள். திருடியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் கொடுத்து நான் வாங்கிக்கொண்டால், பதிவில் என் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் அவள் மூக்குதான் தெரியும். பெருந்தன்மையால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரோஷத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"நீ போ. உன் நாற்காலியில நான் உக்காருறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"பதினாறு நாட்டு பஸ் ஸ்டாண்டுல படுத்துத் தூங்கியிருக்கேன்."

"ஸ்டாண்டுல தூங்குறவளும் ஸ்டாண்ட நடத்துறவளும் ஒண்ணாடி?" என்றாள் அம்மா.

மறுநாள், ஸ்டாண்டில் அக்காவோடு வேலை செய்யும் செக்கர் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார். "ரெண்டு மணி நேரம்தான். மொதலாளி வந்தா நீதான் உன் அக்கா. மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பாத, மூக்கு மட்டும் தெரியட்டும்."

ஐந்து மணிக்கு அக்கா பன்னிரண்டாம் நம்பர் வண்டியில் ஏறினாள். டாக்டரும் கூடப் போனார். பூஞ்சை பிடித்த பைனாகுலரைப் பையில் வைத்திருந்தாள். என்னுடையதைக் கொடுத்தனுப்பலாம் என்று தோன்றியது. வண்டி வளைவு திரும்பிய பிறகுதான் தோன்றியது.

அந்த அறைக்குள் உட்கார்ந்த பிறகு எனக்குத் தெரிந்தது, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில்தான் வருகிறது. மூன்றாம் மேடையில் நின்ற வண்டியை ஐந்தில் நிற்பதாக அறிவித்தேன். மூட்டையோடு முப்பது பேர் ஓடினார்கள். திரும்பவும் ஓடிவந்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டினார்.

"தங்கச்சி, என் வண்டி எந்த ஊருக்குப் போகுதுன்னு எனக்கும் சொல்லிட்டா நல்லாருக்கும்."

ட்ரிப் ஷீட்டில் அடித்து எழுதினேன், அடித்ததை மறுபடி அடித்தேன். இதைப் பதினோரு வருடமாகச் செய்துகொண்டே, கூரை இடுக்கில் எது பறக்கிறது என்றும் பார்த்திருக்கிறாள். கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தேன். ஒரு கைக்குட்டை அகல வானம்.

ஆறு மணியிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வராமல் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நினைத்தேன். நான் ஓட்டுக் கம்பெனி வாசலில் நின்றது போல, அவளும் ஒரு முறை டாக்டர் முன்னால் ஏமாந்து திரும்பி வரட்டும்.

போன் அடித்தது. எடுத்தேன். அக்கா பேசவில்லை. அவளுக்குப் பதிலாக ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் கீச்சுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எண்ண முடியாதபடி பெருகிக்கொண்டே இருந்தன. இடையில் டாக்டரின் குரல், "ஐயோ, ஐயோ" என்று மட்டும்.

"அக்கா?"

"டீ..." அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "மணி என்னடி?"

"வாட்ச் கட்டிட்டுத்தானே போன?"

"கட்டியிருக்கேன். குனிஞ்சு பாக்க முடியல. கண்ண எடுத்தா போயிடும் போல இருக்கு. நீ சொல்லு, நீ எழுது."

எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். ஆறு பதினேழு. சத்தமாகச் சொன்னேன். மைக் அணைக்காமல் இருந்தது. "ஆறு பதினேழு" என்று பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டது. ஒரு ஓட்டுநர் டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினார்.

நான் எழுதினேன். தகைவிலான். வந்த நேரம் 6.17. தாமதம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டே அடுத்த வண்டியை அனுப்பினேன், சரியான மேடையிலிருந்து. தகைவிலானை ஒன்பது நாடுகளில் பார்த்திருக்கிறேன். கம்பியில் பத்தும் இருபதுமாக. இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. கேட்டதும் போன் வழியாகத்தான்.

பதிவுப் படிவத்தில் பார்த்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரும் டாக்டரின் பெயரும் ஏறின. நேரம் குறித்தவர் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. அக்கா அடிக்கோலை வைத்துக் கோடு போட்டு, ஒன்று உண்டாக்கி, என் பெயரை எழுதினாள். "படிவத்துல கைவைக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். அவள் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியமே மழை பிடித்தது. குடையோடு நான் மட்டும் பள்ளத்துக்குப் போய் ஏழு மணி வரை நின்றேன். கோரையும் தண்ணீரும்தான். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டு எழுதினாள்: "வரவில்லை. காரணம்: மழை."

வானம் வெளுத்ததும் குப்பைப் படம் மறுபடி வரும். கூட்டம் எங்கே போய் அடைந்திருக்கிறது என்று வளையம் காட்டும். இந்த முறை இடத்தை நான்தான் குறிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை கிலோமீட்டர் பின்னால் தள்ள வேண்டும் என்ற கணக்கை அவள் இன்னும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.