பெரியப்பாவின் கண்ணாடியைத் தானம் செய்த கதை

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம். கடலூர் முதுநகரில் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை பிரேயரில் எங்கள் அறிவியல் டீச்சர், பிச்சாவரம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கண் முகாம் நடக்கப்போவதாகச் சொன்னார். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மூக்குக் கண்ணாடிகளைக் கொண்டுவந்தால், பவர் பார்த்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்களாம். அதோடு விட்டிருக்கலாம். கொண்டுவருகிறவர்களை மேடையேற்றிக் கைதட்டுவோம் என்றும் சொல்லிவிட்டார். எனக்குத் தானம் தர்மமெல்லாம் அப்புறம்தான், முதலில் கைதட்டல் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கண்ணாடி போட்டவர் பெரியப்பா ஒருவர்தான். அவரும் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதன்பிறகு அம்மாவின் அக்காவான பெரியம்மா எங்களோடுதான் இருந்தாள். பெரியப்பா பேப்பர் படிக்கப் போட்டிருந்த கண்ணாடி, மாலை போட்ட படத்துக்கு முன்னால், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை படையல் போடும்போது பெரியம்மா அதைத் துடைத்து இலையோரமாக வைப்பாள். போன மனுஷன் வந்து பேப்பரா படிக்கப்போகிறார்? சும்மா கிடக்கும் கண்ணாடி என்று டீச்சர் சொன்னது இதைத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எடுக்கும்போது பார்த்தேன், ஒரு பக்கத்துக் காம்பு ஆடாமல் இருக்கப் பச்சை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. புது நூல். செத்துப்போனவர் கண்ணாடிக்கு எதற்குப் புது நூல் என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு மூளை இல்லை. பள்ளிக்கூடத்தில் கைதட்டினார்கள். டாக்டர் வீட்டுப் பெண் ஏழு கண்ணாடி கொண்டுவந்து என்னைவிட ஜாஸ்தி கைதட்டல் வாங்கிக்கொண்டாள், அது வேறு வயிற்றெரிச்சல்.

மறுநாள் சாயங்காலம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏண்டி, பெரியப்பா கண்ணாடிய எங்கனா பாத்தியா?”

“தானம் குடுத்துட்டேன் பெரியம்மா. கண்ணு தெரியாதவுங்களுக்கு.”

படையலுக்கு வைக்கிற பொருளைத் தொட்டுவிட்டேன் என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். பெரியம்மா குறுக்கே நின்றாள். “உடுடி. கொழந்த நல்லது நெனச்சித்தான செஞ்சிருக்கு. அந்த மனுஷனுக்கும் புண்ணியம்” என்றாள். கண்ணாடிகள் போட்ட அட்டைப்பெட்டி அப்போதும் டீச்சரின் மேஜைக்கடியில்தான் இருந்தது. போய்க் கேட்டு வாங்கி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பெரியம்மா கடைத்தெரு டெய்லர் ஒருவரிடமிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கிவந்து, ஓரம் மடித்துத் தைத்து, கொக்கி வைத்துக் கொடுப்பாள். தங்கச்சி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒருவரும் பேசிவிடக் கூடாது, அவளுக்கு அதுதான் பெரிசு. தையல் கைப்பழக்கத்தில் ஓடிவிடும், ஊசி கோக்கத்தான் கண் தெரியவில்லை. அது தெரிந்தால் டெய்லர் துணி தரமாட்டார். ஏற்கெனவே ஒரு அம்மாவை அப்படித்தான் நிறுத்தியிருந்தார். அதனால் நான் ஸ்கூலுக்கும் அம்மா வேலைக்கும் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, படத்துக்கு முன்னாலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வாள். வேலை முடிந்ததும் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவளே இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் முகாமுக்கு எங்களில் சிலரை வேனில் கூட்டிப்போனார்கள். பச்சை நூல் கட்டிய கண்ணாடி, கருவாடு விற்கிற ஒரு அம்மாவுக்குப் பொருந்தியது. அட்டையில் இருந்த எழுத்தைக் காட்டினால், தனக்குப் படிக்கத் தெரியாது என்றார். முகாம்காரர் ஊசியும் நூலும் கொடுத்தார். ஒரே தடவையில் கோத்துவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார் அந்த அம்மா. “என் கையில இத்தினி கோடா கீது?” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். பெரியம்மா மடியில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தினி வாட்டில கோத்தாங்க?” என்று கேட்டாள்.

“ஒரே வாட்டில பெரியம்மா.”

“நல்லா இருக்கட்டும்.” ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். “எங்க, நீயும் ஒரே வாட்டில கோத்துருவியா, பாப்போம்.”

கோத்துக் கொடுத்தேன். கெட்டிக்காரி என்றாள். இன்னொரு ஊசி கொடுத்தாள், அதையும் கோத்தேன். இப்படி ஏழெட்டு ஊசி. நாளைக்கு ஸ்கூலுக்குப் போவதற்கு முன்னாலும் விளையாடலாமா என்று கேட்டாள், சரி என்றேன். அந்த வருஷம் முழுக்கத் தினமும் காலையில் விளையாடினோம். ஒருநாள்கூட நான் தோற்கவில்லை என்பதில் எனக்கு ஒரே பெருமை.