கார்ல் யோஹான் தெருவில் ஒரு விசாரிப்பு

எனக்கு ஒஸ்லோவில் ஒரு மாப்பிள்ளை பொருந்திவந்தபோது, அண்ணை வேலையில் ஊர்லாப், அதுதான் லீவு, எடுத்துக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் விமானம் ஏறினார். ஆளை விசாரிக்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி நாலு பேரிடம் கேட்டால் போதாதா? போதாதாம். ஜெர்மனியில் நாங்கள் இருந்த டோர்ட்மண்டுக்குத் திரும்பிவந்து, குசினியில் நின்றபடி அம்மாவிடம் அவர் ஒப்புவித்ததை நானும் கேட்டேன்.

அந்த நகரத்தின் நடுவில் கார்ல் யோஹான் என்றொரு பெரிய தெரு. மேல் முனையில் அரண்மனை, கீழ் முனையில் ரயில் நிலையம். மாப்பிள்ளை வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடை அரண்மனைப் பக்கம். கடை பூட்டியதும் அண்ணை அவர் பின்னாலேயே, பாராளுமன்றத்தைத் தாண்டி, சனத்துக்குள் புகுந்து புகுந்து ரயில் நிலையம் வரைக்கும் போயிருக்கிறார். பெரிய துப்பறிவாளர். கடைசியில் மாப்பிள்ளையே திரும்பி, "அண்ணை, வழி தெரியேல்லையோ?" என்று கேட்டாராம்.

தான் ஸ்டுட்கார்ட் ஆள், இங்கே ஒருவரையும் தெரியாது என்று அளந்துவிட்டு, "வாரும் தம்பி, ஒரு பியர் குடிப்பம்" என்று அண்ணை கூட்டிப்போயிருக்கிறார். அது பரீட்சையாம். பெடியன் குடித்தாராம்.

"குடிகாரன். எங்களுக்குச் சரிவராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும்தானே குடிச்சனீங்கள்?" என்றேன். வாயைப் பொத்தச் சொன்னார். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. "அவையள் இஞ்ச வர டிக்கெட்டும் எடுத்திட்டினம், வரட்டும். நேர கேளுங்கோ அம்மா" என்று கெஞ்சினேன்.

அப்பா இல்லாத வீடு, பெண் பார்க்க வரும்போது அண்ணை நிற்கத்தான் வேண்டும். ஒஸ்லோவில் தொப்பி போட்டிருந்ததால் ஆளைத் தெரியாது என்பது அவருடைய நினைப்பு. மாப்பிள்ளையும் தாயும் வந்ததும் அவரே போய்க் கதவைத் திறந்தார்.

"ஸ்டுட்கார்ட் அண்ணை, நீங்கள் இஞ்சையோ?" மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. பிறகு, சுவரில் தொங்கிய எங்கள் குடும்பப் படத்தில் அண்ணையைக் கண்டதும் அப்படியே சுருங்கிப்போனது.

அம்மாவாவது சும்மா இருந்தாரா? "தம்பி குடிக்கிறனீங்களோ?"

"இல்லை அம்மா. அண்ணை தனிய நிண்டவர், கூப்பிட்டார். ஏலாது எண்டு சொல்ல மனம் வரேல்ல."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்தார். வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம், அண்ணை ஒஸ்லோ போனது எனக்கு முன்னமே தெரியாது என்று சொல்லப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணையைத்தான் பார்த்தார்.

"அண்டைக்கு ஆரெண்டு சொல்லியிருந்தா வீட்டையே கூட்டிக்கொண்டு போயிருப்பன், அண்ணை. அம்மா சமைச்சு வச்சிருந்தவ."