காற்று எங்கே போகும்?

லிமுரு என்ற மலையூரிலிருந்து சரிவு வழியாகக் காய்கறி ஏற்றிச் செல்லும் வங்கேச்சியின் பழைய காருக்குப் போன வாரம் பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. அங்கே பேய் இருக்கிறது என்றது ஊர். அந்த இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து செத்தவர்களுக்குச் சிலுவை நட்டார்களே தவிர, ஒரு வண்டியின் பிரேக்கையும் யாரும் பார்க்கவில்லை. "சின்ன பிரேக், பெரிய பாரம். அதான் பேய்," என்றாள் வங்கேச்சி.

பிரேக் தகட்டைக் கவ்வும் பெரிய காலிப்பர்களை வாங்கி, முன்சக்கரங்களில் அவளே வீட்டு வாசலில் பொருத்தினாள். நாளை சரக்கோடு மலையிறங்க வேண்டும். கணவன் கிடோங்கா மிதித்தால், பெடல் பஞ்சாக அமுங்கியது. பிரேக் திரவக் குழாயில் புகுந்த காற்றை எத்தனை முறை வெளியேற்றியும் அப்படியே.

"பாஸ்டரக் கூப்பிட்டு ஜெபம் பண்ணி எண்ணெய் தடவு," என்றான் வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக் கமாண்டே.

"எண்ணெய் பட்டா இருக்குற பிரேக்கும் போயிடும். வாய மூடு," என்றாள் வங்கேச்சி.

காற்று மேலேதானே போகும்? குனிந்து பார்த்தாள். அதை வெளியேற்றும் திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறாள்!

மாற்றி மாட்டித் திருகைத் திறந்ததும் காற்று குமிழி குமிழியாக வந்தது. பெடல் கல்லாக நின்றது.

கமாண்டே வேலியைத் தாண்டி வந்தான். "என் வண்டியும் அந்த இறக்கத்துல நிக்க மாட்டேங்குது, வங்கேச்சி."

"சக்கரத்தக் கழட்டு. பேயப் பாத்துடலாம்."