கவுஸ் மாமு மாற்றி வைத்த அறைகள்

நம் தெருவாசிகள் சகலருக்கும் பணிவுடன் அறிவிப்பது என்னவென்றால், தையற்காரர் ஏகாம்பரம் வீட்டுத் தேக்குக் கட்டில் இன்றுவரை அறையை விட்டு வெளியே வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் யாருக்கும் இல்லை. புழுதி ஜாஸ்தி வருகிறது, வாசலைக் குறுக்கு என்று யோசனை சொன்னவர் கவுஸ் மாமு. கொத்தனார் குறுக்கினார். புழுதி கம்மியாகவில்லை. கட்டில் மட்டும் ஆயுள் கைதியாகிவிட்டது.

இரண்டாவது செய்தி அவ்வளவு சிறியதல்ல. போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அதே ஏகாம்பரம் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். "கவுஸ் பாய் பூட்டாரு, தம்பி" என்றார். "இனிமே அந்தக் கட்டிலுக்காக நான் யாரைத் திட்டுறது?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம் கையெழுத்துப் பத்திரிகையில் கேலிப் பக்கம் எழுதுகிற என்னையே இந்த இரங்கலையும் எழுதச் சொல்லிவிட்டார்கள். படிக்கப் போகிறவர்கள் எல்லோரும் மாமுவைத் தெரிந்தவர்கள். அவரை மகான் என்று எழுதினால் என்னை உதைக்க வருவீர்கள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

மாமு தோல் தரகர். மண்டியில் தோலைப் புரட்டித் தரம் சொல்வது அவர் தொழில். வீட்டைப் புரட்டித் தரம் சொல்வது அவர் பொழுதுபோக்கு. ஆம்பூரில் அவர் நுழையாத வீடு கிடையாது. நுழைந்ததும் ஆட்டுத்தோலைத் தடவுவதுபோல் சுவரைக் கட்டைவிரலால் தடவுவார். "இந்த சமையல் ரூம் ரெண்டாம் தரம்மா, அடுப்பைத் திருப்பு" என்பார். திருப்பினால் புகை அடுத்த வீட்டுக்குப் போகும். சண்டை நம் வீட்டுக்கு வரும். அவர் யோசனை இலவசம். கேட்காமலும் கிடைக்கும். ஒன்றை மட்டும் எல்லா வீட்டிலும் தவறாமல் சொல்வார்: "வூடுன்னா மொதல்ல யாரு எங்க படுக்கிறாங்கன்னு பாக்கணும். செவுரெல்லாம் அப்புறம்."

இந்தத் தெருவிலேயே அவரிடம் யோசனை கேட்டு ஏமாறாத ஒரே புத்திசாலி நான் என்று நான் மார்தட்டித் திரிவது உங்களுக்குத் தெரியும். அவர் சுவரைத் தடவுவதை அவர் முன்னாலேயே நடித்துக் காட்டுவேன். அவரும் உட்கார்ந்து ரசித்துவிட்டு, "விரல்ல அழுத்தம் பத்தல" என்று திருத்துவார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஜுலேகா அக்காவின் மாப்பிள்ளை வாணியம்பாடியில் மவுத்தானதும் அக்கா விதவையாக எங்களிடம் திரும்பி வந்தாள். வெளியார் கண்ணில் படாமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க நடு அறையை ஒதுக்கினார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டாருடையது. பகலிலும் விளக்கு எரியும். எண்ணெய்ப் புகையும் தோல் வாடையும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும். இத்தா முடிந்த பிறகும் அக்கா வெளியே வரவில்லை. வர வழியில்லை. என்னைப் பெற்ற அத்தா தோல் வியாபாரி. முன்கட்டில் அவரைப் பார்க்க வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். பின்கட்டில் வண்டிக்காரர்கள் தோல் கட்டு இறக்குவார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த மாடி அறை ஒன்று இருந்தது. அதில் பதம் போட்ட தோல்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்ச நாள் போவட்டும், ஊர் வாய் அடங்கட்டும்" என்பார் அத்தா. அவர் கொடுமைக்காரர் அல்ல. இந்த ஊரில் வீடு கட்டுகிற எவரும் முதலில் தோலுக்கு இடம் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் மனிதருக்கு. அக்கா பேச்சைக் குறைத்தாள், சாப்பாட்டைக் குறைத்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒன்று மட்டும் கேட்பாள்: "வெளிய வெயிலா, மழையாடா?" பிறகு ஒருநாள் அதையும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மாமு வந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவரை என்றைக்கு யார் கூப்பிட்டார்கள்? நேரே மாடி ஏறி ஒரு தோலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். உச்சுக்கொட்டினார்.

"இன்னா பாய் இது, தோலை வெயில்ல வெச்சி வறுக்கிறியா?"

"காத்து இல்லாம வெச்சா பூஞ்சை பூத்துடும், அண்ணே" என்றார் அத்தா.

"பூஞ்சையைத் தொடைக்கலாம். செவந்தா இன்னா பண்ணுவே?" என்று மடிப்பைப் பிரித்துக் காட்டினார். வெளிச்சம் பட்ட ஓரம் செங்கல் நிறம்; உள்ளே வெளிர் மஞ்சள். அத்தாவின் முகம் தோலைவிடச் சிவந்தது. "சரக்கு எடுக்கிற லண்டன்காரன் இதைத் தொட மாட்டான். இருட்டு ரூம் ஒண்ணும் இல்லியா உன் வூட்ல?"

அத்தா மடிப்பை மறுபடி மூடினார். "இருக்குது. அதுல பொண்ணு இருக்குது."

"பொண்ணை மேல ஏத்து. அது வெயில் பட்டு செவக்காது."

அன்றே தோல் இறங்கியது, அக்கா ஏறினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலைப் பக்கமே பார்த்து நின்றாள். ரயில் ஒன்று புகை விட்டுக்கொண்டு போய் மறையும்வரை கண்ணாலேயே தொடர்ந்தாள். அப்புறம், "மழை வரும்போல இருக்குதுடா" என்று எனக்குச் சொன்னாள்.

மழை வந்தது. கூடவே பூஞ்சையும் வந்தது. நடு அறையில் அடிக்கட்டுத் தோல்கள் வெள்ளை பூத்துப்போயின. அத்தா முன்கட்டில் வியாபாரிகள் முன்னிலையிலேயே மாமுவைக் கிழித்தார். தோலெல்லாம் மறுபடி மாடிக்கே போகும் என்றார். மாடிப்படியில் நின்ற அக்கா அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்பு என்னுதுதான். நீ ஏன் பேஜார் படறே? என் வூட்டு முன் ரூம் சும்மாதான் கெடக்குது, அங்க வெய்" என்றார்.

அது சும்மா கிடக்கவில்லை. அவர் படுக்கிற அறை அது. அன்று முதல் கடைசிவரை சமையலறையில் அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் காலை மடக்கிப் படுத்தார். மண்டியில் அவர் சொன்ன தரத்தை யாரும் நம்பாமல் போனார்கள். பூஞ்சை பாய் என்று பெயர் வைத்தார்கள். நானும் அந்தப் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை, ஏகாம்பரம் வந்து சொல்லி நாங்கள் போனபோது, அவரைக் கிடத்திக் குளிப்பாட்ட அந்த வீட்டில் இடமே இல்லை. சமையலறையிலிருந்து எடுத்து வரவும் வழியில்லை. முன் அறை முழுக்கக் கூரைவரை எங்கள் தோல். அத்தா சட்டையைக் கழற்றிப் போட்டார். கூலியாட்கள் வந்தும் விடவில்லை. ஒவ்வொரு கட்டாகத் தானே சுமந்து தெருவில் வைத்தார். அறை காலியானதும் நடுவில் நின்று சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "இங்கியா முன்னாடி படுத்துனு இருந்தாரு?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது மாடியில் தெருப் பெண்பிள்ளைகளுக்கு அக்கா குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுக்கிறாள். சத்தம் தெருக்கோடிவரை கேட்கிறது. அத்தா அதை அடக்கச் சொல்வதில்லை.

மாமுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் இங்கே யார் எங்கே படுக்கிறார்கள் என்று கண் தானாகத் தேடுகிறது. என் தோஸ்துகள் சிரிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அன்று மாமு தானாக வரவில்லை. முந்தின நாள் நான் போயிருந்தேன். யோசனை கேட்கத்தான் போனேன். "அக்கா செத்துடும் மாமு" என்று அழுதுவிட்டேன். உங்கள் வீட்டில் யார் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "நீ வந்ததை யாருக்கும் சொல்லாதே. உங்க அத்தா ரோஷக்காரன். நீ எப்பவும்போல என்னைக் கேலி பண்ணிக்கினே இரு" என்றார்.

பண்ணினேன்.