திருப்பித் தர வேண்டாத டப்பா

போன வாரம் ஒரு சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. போய்ப் பார்த்தால் வாசலில் ஆளில்லை. கேட்டில் ஒரு கேரி பேக் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரித்தேன். ஓட்டலில் சாம்பார் கட்டித் தருவார்களே, அந்த மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நோன்புக் கஞ்சி. இன்னும் சூடு ஆறவில்லை.

பக்கத்து வீட்டு ஜமீலா காய்ச்சிய கஞ்சி. வாசனையிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் வருவதுதான். ஆனால் எப்போதும் தூக்கில் வரும், தூக்கோடு ஜமீலாவும் வருவாள். இந்த வருஷம் கஞ்சி மட்டும் தனியாக, டப்பாவில், கேட்டில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

“அதனால் என்ன? கஞ்சி வந்துவிட்டதல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டப்பா நல்லா இருக்கே. மூடி டைட்டா இருக்கு பாரு. கழுவிக் குடு, தக்காளி நாத்து விடலாம்.”

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வலங்கைமான் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த வயலில் இவர் கால் பட்டதில்லை, செருப்பு பட்டிருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ரிடையர் ஆனதும் தஞ்சாவூர் வீட்டு மொட்டைமாடியில் விவசாயம் ஆரம்பித்தார். அன்றிலிருந்து இவருக்கு நான் வைத்த பெயர் மொட்டைமாடி மிராசுதார். கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

தோட்டத்தோடு சேர்ந்து சிக்கனமும் வந்து இறங்கியது. அரிசி களைந்த தண்ணீரை இப்போது நான் கொட்டக் கூடாது, அது ரோஜாவுக்கு. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் புதினாவுக்கு. வெங்காயச் சருகு, முட்டை ஓடு, காபித்தூள் சக்கை — எல்லாவற்றுக்கும் மாடியில் ஒரு வாளி காத்திருக்கிறது. பால் கவர்களைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டு உலர்த்துகிறார், நாற்று விடுவதற்கு. என் புடவையை நாற்காலி முதுகில் காயப் போடுகிறேன்.

மாடியில் கத்தரிக்காய் காய்த்தது. அதற்கு ஆன தொட்டி, மண், பிண்ணாக்கு, பச்சை வலை இதெல்லாம் என்ன செலவு என்று நான் இதுவரை கேட்டதில்லை. குடும்பம் நடக்க வேண்டாமா?

கத்தரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மார்கழியில் அவரைக்காய் பிடித்துக்கொண்டது.

அவரைக் கொடி ஒன்று படர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் வைத்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் இருப்பது ரெண்டே பேர். காலையில் பறித்தால் மறுநாள் பார்க்கும்போது பறிக்காத மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அவரைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, அவரைக்காய் சாம்பார்... சாப்பிட உட்காரும்போதே எனக்கு அலுப்பு வர ஆரம்பித்தது. அப்புறம் என்ன, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். என் எவர்சில்வர் தூக்கு நிறைய அவரைக்காய் ஜமீலா வீட்டுக்குப் போனது.

போனது திரும்பி வர வேண்டுமல்லவா? வந்தது. உள்ளே ஆட்டுக்கால் பாயா.

எங்கள் பக்கத்தில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. ஒன்றுமில்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். ஆனால் ஜமீலாவுக்குச் சர்க்கரை போட்டு அனுப்புகிற பழக்கமெல்லாம் கிடையாது. நான் அவரைக்காய் கொடுத்தால் அவள் பாயா கொடுப்பாள். நான் பாயாவுக்கு ஈடாகச் சர்க்கரைப் பொங்கல் செய்து அனுப்பினால், அது முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டலாப்பமாகத் திரும்பி வரும். வட்டலாப்பத்துக்கு நான் என்ன செய்வது? மறுபடியும் மாடிக்கு ஓடி அவரைக்காய்தான் பறிக்க வேண்டும்.

நிறுத்த முடியாது. இரண்டு பக்கத்திலும் யாரும் நிறுத்த விரும்பியதும் இல்லை.

ஜமீலாவின் கணவர் குவைத்தில். மகள் திருச்சியில் ஹாஸ்டலில். வீட்டில் இவளும் காது கேட்காத மாமியாரும்தான். தூக்கைக் கொடுக்க வந்தால் சுவரோரம் நின்று அரை மணி பேசிவிட்டுத்தான் போவாள். மகள் போன் எடுக்காத கதை, மாமியார் டிவி சத்தத்தில் தெருவே அதிர்கிற கதை... எனக்கும் என் கதைகள் இருந்தன. பெரும்பாலும் பால் கவர் கதைகள்.

இதற்குள்தான் மிராசுதார் மூக்கை நுழைத்தார்.

“நாம குடுக்கறது அவரைக்கா. அவங்க குடுக்கறது பாயா. நல்லாவா இருக்கு? அந்தப் பொண்ணு தனியா இருக்கு, அதுக்கு எவ்வளவு வேலை.”

“அதுக்கு?”

“பார்சல் டப்பா எவ்வளவு சேர்ந்து கெடக்கு பாரு. அதுல போட்டுக் குடு. திருப்பித் தர வேணாம்னு சொல்லிடு. அவங்களுக்கும் சிரமம் இல்ல, நமக்கும் தூக்கு எங்க எங்கன்னு தேட வேணாம்.”

உண்மைதான். எங்கள் வீட்டு அலமாரியில் ஓட்டல் டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருக்கின்றன. எதையும் தூக்கிப்போட விடமாட்டார். அதற்கும் ஒரு வழி பிறந்தது, ஜமீலாவுக்கும் சிரமம் குறையும் — கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். சிக்கனக்காரர்கள் சொல்வதெல்லாம் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். அன்றைக்கு மோர் ஊற்றி வைக்கத் தூக்கைத் தேடித் தேடி நானும் எரிச்சலில் இருந்தேன். சரியென்று தலையாட்டிவிட்டேன்.

அவரைக்காயை டப்பாவில் அடைத்துச் சுவருக்கு மேலே நீட்டினேன். ஜமீலா வாங்கினாள். டப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

“கழுவித் தந்துர்றேங்க்கா.”

“வேணாம்மா. ஓட்டல் டப்பாதானே? தூக்கிப் போட்டுடு.”

“சரிங்க்கா.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவள் உள்ளே போனாள், நானும் உள்ளே வந்தேன். டப்பா திரும்பி வரவில்லை. ஜமீலாவும் வரவில்லை.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு டப்பா அனுப்பினேன். அதற்கும் ஒரு “சரிங்க்கா”. அப்புறம் அவள் துணி காயப் போடுகிற இடம் கொல்லைப்புறத்துக்கு மாறியது. முன்பெல்லாம் சுவரோரம் நின்று கணவரோடு வீடியோ காலில் பேசுவாள், “அக்காகிட்ட பேசுங்க” என்று போனை என் பக்கம் திருப்புவாள். அதுவும் நின்றுபோனது. தெருவில் பார்த்தால் சிரிப்பாள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களிடம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

என்ன தப்பு செய்தோம் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை. இவரைக் கேட்டேன்.

“வெயில் வந்துருச்சில்ல, வெளியில வர மாட்டாங்க” என்றார்.

இதற்குள் நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு மாதத்தில் எனக்கு ஜமீலா வீட்டில் ஒரு உத்தியோகம் உண்டு. உப்பு பார்க்கிற உத்தியோகம். அவளும் நோன்பு, மாமியாரும் நோன்பு. நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஜமீலாவுக்கு அதில் மனசு ஒப்பாது. அதனால் சாயங்காலம் சுவருக்கு மேலே ஒரு கரண்டி வரும். “அக்கா, உப்பு பாருங்க” என்று குரல் வரும். நான் ஊதி ஊதிக் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வேன். “இன்னும் ஒரு கல்லு போடு” என்றால் போடுவாள். வருஷா வருஷம் இதுதான்.

இந்த வருஷம் கரண்டி வரவில்லை. சாயங்காலமானால் அடுப்படியில் வேலை இருக்கிறதோ இல்லையோ, சுவர்ப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். கஞ்சி வாசனை வரும். குரல் வராது. அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேரி பேக் வந்து கேட்டில் தொங்கியது.

இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒரு வாய் குடித்தேன்.

கஞ்சியில் உப்பே இல்லை.

“உப்பு கம்மியா இருக்கறது உடம்புக்கு நல்லதுதான்” என்றார் இவர், சப்புக்கொட்டிக்கொண்டே.

எனக்குப் பொறுக்கவில்லை. தூக்கை எடுத்தேன். இப்போதெல்லாம் அது வீட்டிலேயேதான் இருக்கிறது, தேட வேண்டியதே இல்லை. கையில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

“எங்க?”

“உறைமோர் வாங்க.”

“ஃப்ரிஜ்ல தயிர் இருக்கே?”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நோன்பு திறந்து, தொழுது முடித்திருந்தாள் ஜமீலா. கதவைத் திறந்தவள் என்னையும் பார்த்தாள், தூக்கையும் பார்த்தாள்.

“வாங்கக்கா.”

“கொஞ்சம் உறைமோர் இருந்தா குடும்மா.”

“விளக்கு வச்ச நேரத்துல மோர் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க?”

சொல்வேன்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் எனக்கு என்றைக்குமே இல்லை. அசடு வழிய நின்றேன்.

“டப்பால ஊத்தித் தரவாக்கா? நெறைய இருக்கு. திருப்பித் தர வேணாம்.”

சிரிக்காமல்தான் சொன்னாள். நன்றாக வேண்டும் எனக்கு. இதற்கு மேல் மோர் கதை செல்லாது என்று தெரிந்துவிட்டது.

“கஞ்சில உப்பு இல்ல, ஜமீலா” என்றேன்.

“யாரு பார்த்துச் சொல்றது?” என்றாள்.

உள்ளே மாமியாரின் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

“தூக்கு ஏனத்தைக் குடுக்கணும்னு ஒரு சாக்கு வச்சுகிட்டுத்தாங்க்கா நான் உங்க வீட்டுப் பக்கம் வர்றது. சும்மா சும்மா வந்து நின்னா நல்லாருக்குமா? திருப்பித் தர வேணாம், தூக்கிப் போட்டுடுன்னுட்டீங்க. நாம பாட்டுக்கு அடிக்கடி வந்து நிக்கிறோம், அண்ணனுக்குத் தொந்தரவா இருக்கு போலன்னு நெனச்சுகிட்டேன். ரெண்டு நாளு அழுதேங்க்கா, நெசமா.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ‘அண்ணன்’ உனக்கு வேலை மிச்சம் பண்ணப் பார்த்தார் என்று எப்படிச் சொல்வேன்? தண்ணீரை மிச்சம் பண்ணலாம், வெங்காயச் சருகை மிச்சம் பண்ணலாம். ஒரு பெண் பக்கத்து வீட்டுக்கு வந்து போகிற வேலையை மிச்சம் பண்ணினால் அவளுக்கு என்ன மிஞ்சும்? அவளை விடுங்கள், எனக்கு என்ன மிஞ்சியது? பால் கவரும் மிராசுதாரும்.

“எனக்கும் உன்ன விட்டா பேச யாரும்மா இருக்கா?” என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தூக்கை என் கையிலிருந்து வாங்கினாள். உறைமோர் ஊற்றத்தான் வாங்குகிறாள் என்று நினைத்தேன். தூக்கைத் தன் அலமாரியில் வைத்தாள். தன்னுடைய கிண்ணம் ஒன்றை எடுத்து, அதில் மோரை ஊற்றி, தட்டு போட்டு மூடி என்னிடம் நீட்டினாள்.

“தூக்கு இங்கயே இருக்கட்டும். கிண்ணத்த எடுத்துகிட்டு நீங்க வரணும். அண்ணன்கிட்ட குடுத்து விடக் கூடாது.”

விளக்கு வைத்த நேரத்தில் மோர் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன். என் மாமியார் இருந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

மறுநாள் சாயங்காலம் சுவருக்கு மேலே கரண்டி வந்தது. “இன்னும் ஒரு கல்லு போடு” என்றேன். உண்மையில் உப்பு சரியாகத்தான் இருந்தது. இத்தனை நாள் வேலை பார்க்காத உத்தியோகம், ஏதாவது சொல்ல வேண்டாமா?

டப்பா கோபுரத்தை மாடிக்கு ஏற்றிவிட்டேன். அதில் தக்காளி நாற்று நன்றாகவே வருகிறது என்று மிராசுதார் சொல்கிறார். டப்பாவின் மேல் அவருக்கு இன்னும் மரியாதை குறையவில்லை.

கிண்ணம்தான் இப்போது பிரச்சினை. கழுவித் துடைத்து மேடையில் வைத்திருக்கிறேன். வெறுங்கிண்ணமாகக் கொடுக்க முடியுமா? வெயில் ஏறியதில் மாடியில் அவரை ஓய்ந்துவிட்டது, கத்தரியில் பூச்சி. ஜமீலாவோ, “மாடி அவரைக்கா இன்னும் காய்க்குதாக்கா? கடைக் காயெல்லாம் அந்த ருசி இல்ல” என்று சுவரோரம் நின்று கேட்கிறாள். இவர் காதில் அது விழுந்துவிட்டது.

நேற்றுக் காலை மொட்டைமாடி மிராசுதார் மஞ்சள் பையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஜமீலா வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக மார்க்கெட்டுக்குப் போய் அவரைக்காய் வாங்கி வந்தார். கிண்ணம் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இதான்க்கா ருசி” என்றாள் ஜமீலா.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை. படிக்கிறவர்கள் யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.