ரேணுகாம்பாளின் மயில்கழுத்து

மாமியாரை எழுதும்போது மரியாதைக்கு 'அவர்' என்று எழுத வேண்டுமாம். எழுதமாட்டேன். எனக்கு ரேணுகாம்பாள் அவள்தான்.

அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். மலை சுற்றும் பாதையில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்தாள். பௌர்ணமிக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமே, தேன் ஒழுகும். கடையைப் பூட்டி வீட்டுக்குள் கால் வைத்தால் அந்த வாய் வேறு வாயாகிவிடும்.

எழுபத்து நாலில் அவள் மகன் மூர்த்தியை நான் கட்டிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு நீலம் ஆகாது. அவளுடைய ஓரகத்தி நீலச் சேலையில் வீடு புகுந்து, அந்த மாதமே பாம்பு கடித்துச் செத்துப்போனாளாம். இதை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். புகுந்த வீட்டில் முதல் விளக்கு ஏற்றும்போது அம்மா வீட்டுச் சேலைதான் கட்ட வேண்டும் என்பது வழக்கம். அதனால் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அம்மா பஸ் ஏறித் தேரடித் தெரு ஜவுளிக்கடைக்கு வந்தாள். கடைக்குள் எரிகிற டியூப்லைட்டை நம்பாதே என்று எல்லாரும் சொல்வார்கள். அம்மா சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் பிரித்துப் பார்த்தாள். கிளிப்பச்சை. மனம் குளிர்ந்து வாங்கிவிட்டாள்.

அது மயில்கழுத்துப் பட்டு. பச்சையும் நீலமும் ஊடும் பாவுமாக ஓடுகிற துணி, வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறும். நான் வீடு புகுந்தது விளக்கு வைக்கிற நேரம். வாசலில் தொங்கிய குண்டு பல்பின் கீழே வந்து நின்றதும் பச்சை மங்கி, நீலம் மேலெழுந்து நின்றது.

ஆரத்தி சுற்ற வந்த ரேணுகாம்பாள் தட்டைப் படியில் 'டங்'கென்று வைத்தாள். சிவப்புத் தண்ணீர் தெறித்து என் சேலைக் கரையில் பட்டது.

"நீலத்தக் கட்டிக்கினு வந்தவ என் ஊட்டு விளக்கத் தொடக்கூடாது."

காலையில் வெயிலில் வைத்துப் பாருங்கள் என்று அம்மா கெஞ்சினாள். வெயிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று மாறுகிற துணி என் குடும்பத்துக்கு வேண்டாம் என்று ரேணுகாம்பாள் சொல்லிவிட்டாள். மூர்த்தி தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய ஆம்பளை! முதல் விளக்கை அவளே ஏற்றினாள். மறுநாள் சேலை அவள் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

அதற்கப்புறம் எருமைக்குப் பால் கம்மியானால் அந்தச் சேலை. கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குப் பூச்சி விழுந்தால் அந்தச் சேலை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தச் சேலைதான். அவளுக்குச் சேலை வேறு, நான் வேறு இல்லை. அந்த வீட்டில் சாணி அள்ளினேன், நெல் அவித்தேன், இரண்டு பெற்றேன். விளக்கு மட்டும் ஏற்றவில்லை. கார்த்திகைக்கு மலையில் தீபம் தெரிந்து ஊரே அரோகரா என்று கத்தும்போது அவள் வாசல் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பேன். எதிர் வீட்டு ஆதிலட்சுமி பார்ப்பாள்.

எண்பத்து மூன்றில் என் நாத்தனார் வேதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். வேதா பச்சைப் பட்டில் வெளியே வந்தாள். கரையைப் பார்த்தேன். ஆரத்திக் கறை.

அடுப்படியில் ரேணுகாம்பாளை மடக்கினேன். "அத்தே, அது என் சேலை. நீலமாச்சே?"

"எவ சொன்னா நீலம்னு? கண்ணு அவிஞ்சாபோச்சு? கிளிப்பச்சை அது."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை அந்தப் பொம்பளை. இது இந்த வீட்டுக்கு ஆகாத நீலச் சேலை என்று பந்தலில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தம் முறிந்துவிடும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வேதா ஒரு பாவமும் அறியாதவள், அவளுக்காக விழுங்கினேன்.

"பச்சைனா பச்சைதான் அத்தே. அப்ப நானும் பச்சையிலதான் வந்தேன்."

வடை கருகுது, திருப்பு என்றாள்.

அந்த வருஷக் கார்த்திகை. தீப்பெட்டியைக் காலையிலேயே என் முந்தானையில் முடிந்துகொண்டேன். மலையில் தீபம் தெரிந்தது. ரேணுகாம்பாள் தீப்பெட்டிக்காக மாடத்தைத் துழாவிவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

"குடுடீ."

எண்ணெய்க் கிண்ணத்தை அந்தக் கையில் வைத்தேன். குனிந்து முதல் விளக்கை ஏற்றினேன். அவளும் குனிந்தாள். ஊதுவதற்கு வாயைக் குவித்தாள். எதிர் வாசலில் ஆதிலட்சுமி கையில் விளக்கோடு அப்படியே நின்றுவிட்டாள். தீபத்தன்று ஏற்றின விளக்கை வாயால் ஊதி அணைத்தவள் எங்கள் ஊரில் கிடையாது. ரேணுகாம்பாளுக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

மீதி விளக்குகளையும் நானே ஏற்றினேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பின்னால் வந்தாள். திரிக்கு எண்ணெய் போதவில்லை, ஊற்றுங்க என்றேன். ஊற்றினாள்.