வெளியூர் ஆட்டத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஐஸ் ஹொக்கி மண்டபத்தின் கதவைத் தள்ளியதும் முதலில் மூக்கில் ஏறுவது நனைந்த கையுறைகளின் நாற்றம்... பிறகு பொரித்த உருளைக்கிழங்கு. குளிர் அதற்குப் பிறகுதான் தெரியும்.

இன்றைக்கும் அதே நாற்றம்தான். மகள் கூட வந்தால் மூக்கைப் பொத்துவாள். எனக்குப் பசிக்கும்.

தொண்ணூறுகளில் அகதி முகாமில் எனக்கும் செல்வம் அண்ணைக்கும் ஒரே அறை. டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன நகரம். வேலை செய்ய அனுமதி இல்லை. வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊருக்கு ஓர் ஐஸ் ஹொக்கி அணியும் ஓர் உதைபந்தாட்ட அணியும் இருந்தன. எங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டும்தான்.

இடைவேளை முடிந்தால் வாசலில் டிக்கெட் கேட்க ஆள் நிற்காது. அதுவரை வெளியே நடந்துகொண்டிருப்போம், சத்தத்தை வைத்து யாருக்குக் கோல் என்று ஊகிப்போம். இப்படியே ஒரு முழுப் பருவம்... ஓர் ஆட்டத்தின் தொடக்கத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை!

நான் ஹொக்கிக் கட்சி. அண்ணை உதைபந்தாட்டக் கட்சி. ஒரு கிழமை இங்கே, மறுகிழமை அங்கே என்று ஒப்பந்தம். போகும்போதும் சண்டை, வரும்போதும் சண்டை.

"பதினொரு பேரும் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கினம் அண்ணை. ஓடச் சொல்லுங்கோ."

"உன்ர ஆக்கள் மட்டும் திறமோ? அடிபடுறதைப் பாக்க ஜெர்மனிக்கு வரவேணுமேடா?"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

பல் விழுந்தால் துப்பிவிட்டு விளையாடுகிறவனை எனக்குப் பிடிக்கும். காற்றுப் பட்டாலே புல்லில் புரண்டு அழுகிறவனைப் பிடிக்காது. அன்றும் அதுதான் என் கொள்கை, இன்றும் அதுதான். ஆனாலும் உதைபந்தாட்ட அணி தோற்றால் எனக்கும் சோறு இறங்காது. அண்ணையிடம் மட்டும் சொன்னதில்லை.

உதைபந்தாட்ட அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் வெளியூரில். வென்றால் லீக்கில் இருக்கலாம், தோற்றால் கீழே. அகதி வழக்கு உள்ளவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். தாண்டுவதென்றால் அலுவலகத்தில் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். முகாமில் எல்லோரும் காரணமாக 'மாமிக்குச் சுகமில்லை' என்றுதான் எழுதுவார்கள். ஜெர்மனி முழுக்க எங்களுக்கு நோயாளி மாமிகள்.

அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். "பொய் எழுதினால் ரீம் தோத்துப்போம்." எங்கள் அணிக்குக் கடைசி ஆட்டம், நாங்கள் அங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு விண்ணப்பத்திலும் அப்படியே எழுதினார்.

அவருடையது போன மேசையில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். என்னுடையது பக்கத்து மேசைக்குப் போனது. தக்க காரணம் இல்லை என்று திரும்பி வந்தது.

எனக்கு வந்த ஆத்திரம்! "உங்கட உண்மையை நீங்களே வச்சிருங்கோ! மாமி எண்டு எழுதியிருந்தா நானும் போயிருப்பன்."

அவர் அனுமதிக் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆட்டத்தன்று காலை போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் முகாம் குசினிக்குப் போனால், ரேடியோவுக்கு முன்னால் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். அனுமதிக் கடதாசி மடித்தபடி சட்டைப் பையில்.

"போகேல்லையே அண்ணை?"

"தனியப் போய் என்னடா செய்யிறது? கோல் விழுந்தா ஆரோட கத்துறது?"

அன்று தோற்றோம். ரேடியோவை நிறுத்திவிட்டு ரொட்டி சுட்டோம். வதிவிட உரிமைக் காகிதம் கிடைத்ததும் இரண்டு பேரும் ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் போவது என்று அன்றுதான் பேசிக்கொண்டோம். அடுத்த வருடம் அண்ணையின் வழக்குத் தோற்றது. எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தார். "பாஸ்போட் எடுத்துக்கொண்டு வாறன், பொறு" என்றார்.

எனக்கும் பாஸ்போட் வந்தது, குடும்பம் வந்தது. இரண்டு அணிக்கும் பருவகால டிக்கெட் வைத்திருக்கிறேன். ஹொக்கிக்காரர்கள் இப்போது கடைசி இருபது நிமிடம் நித்திரை கொள்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் நடுக்களமே இல்லை, பயிற்சியாளரை மாற்றுவதை மட்டும் தவறாமல் செய்கிறார்கள். மனைவிக்குச் சனிக்கிழமைகளில் வேலை, மகள் ஹனோவரில் படிக்கிறாள். தனியே போவேன், தனியே திட்டுவேன், திரும்பி வருவேன்.

ஆனால் வெளியூர் ஆட்டம் ஒன்றுக்கும் போனதில்லை. அதை அண்ணையோடு போவதற்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை, அன்று நாங்கள் போகாமல் விட்ட அதே ஊரில் எங்கள் உதைபந்தாட்ட அணிக்கு ஆட்டம். ஏனோ இனியும் பொறுக்க முடியவில்லை, ரயிலேறிவிட்டேன். முடிகிற நேரத்தில் கோல்! பக்கத்தில் நின்ற யாரோ என்னைக் கட்டிப்பிடித்தான். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணைக்கு எடுத்து, போனை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"கேக்குதோ அண்ணை?"

"என்னடா சத்தம்? எங்க நிக்கிறாய்?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அங்க உனக்கென்ன அலுவல்?"

"மச் அண்ணை! வெல்லப்போறம்!"

"ஓ... ஆர் விளையாடினம்?"

இரண்டு அணிகளின் பெயரையும் சொன்னேன். "நல்லது தம்பி. வேலைக்கு வெளிக்கிடுறன், பிறகு எடுக்கிறன்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வேலை, பேரப்பிள்ளைகள், அந்த நாட்டுப் பனி... மனிதருக்கு எத்தனை பாடு. அன்று அனுமதி கிடைத்தும் எனக்காகப் போகாமல் இருந்தவர் அவர். நானும் இத்தனை வருடம் அவருக்காகப் போகாமல் இருந்தேன். அது அவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.